கத்துற பன்றியோட ரத்தம் என்ன சொல்லும்?

ஒலிப்பதிவில் பேசியதை வாசிப்பதற்கு ஏற்றபடி கொஞ்சம் திருத்தியிருக்கிறேன்.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். நம்ம ஊர் மடத்துக்குளம். உடுமலைக்கும் பழநிக்கும் நடுவுல, அமராவதி ஆத்தங்கரையில இருக்கு. கூடப் படிச்ச பையன் ஒருத்தன் அங்க தோட்டத்துல வெண்பன்றிப் பண்ணை வெச்சிருக்கான். நான் போன அன்னைக்கு நோய்ப் பரிசோதனைக்காக ரத்தம் எடுக்க கால்நடை டாக்டர் வந்திருந்தார்.

பன்றிக்கிட்ட ரத்தம் எடுக்கிறதை நான் அதுவரைக்கும் பார்த்ததே இல்லை. ஒரு குச்சி, அதோட நுனியில கம்பிச் சுருக்கு. அதைப் பன்றியோட மேல்தாடையில மாட்டி இறுக்கிடறாங்க. பன்றி பின்னாடி இழுக்கும், ஆள் முன்னாடி இழுப்பாரு. அப்ப அது தலையைத் தூக்கி அசையாம நிக்கும். ஆனா கத்தும். சாதாரணக் கத்தல் இல்லைங்க, 100 டெசிபலைத் தாண்டும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்துச்சு. அந்த நேரத்துல டாக்டர் கழுத்தும் மார்பும் சேர்ற பள்ளத்துல நீளமான ஊசியை இறக்கி, ஒரு நிமிஷத்துல ரத்தத்தை எடுத்துட்டார்.

எல்லாம் முடிஞ்சதும் ஃப்ரெண்ட் கேட்டான்: "ஏனுங்க டாக்டர், இந்தக் கத்துக் கத்தினதுக்கப்புறம் அந்த ரத்தத்துல என்னத்தங்க தெரியும்?"

டாக்டர் சிரிச்சார். "கிருமி இருக்குதா இல்லையான்னு தெரியும் தம்பி. அதுக்கு இது போதும். ஆனா இந்தப் பன்றி நிம்மதியா இருந்தப்ப அதோட ரத்தம் எப்படி இருந்துச்சுன்னு கேட்டா, இதை வெச்சு யாராலயும் சொல்ல முடியாது."

அந்தப் பதில் மண்டைக்குள்ளயே நின்னுடுச்சு. நிம்மதியா இருக்கிற ஒரு உயிர்கிட்ட, அதோட நிம்மதியைக் கெடுக்காம எப்படி ரத்தம் எடுக்கிறது? இந்தக் கேள்விக்குப் பின்னாடி 300 வருஷத்துக்கும் மேலான வரலாறு இருக்கு. அதுல நம்ம சென்னைக்கும் ஒரு முக்கியமான இடம் உண்டு. இன்னைக்கு அந்தக் கதைதான்.

இழுத்துப் பிடிச்சு அளந்தா

திருப்பூர் பக்கம் இருக்கிறவங்களுக்கு இந்தப் பிரச்சினை உடனே புரியும். பின்னலாடைத் துணி ரோலா சுத்தி வரும்போது இழுவையில இருக்கும். ரோலைப் பிரிச்ச கையோட அளந்து வெட்டினீங்கன்னா, தைச்சு முடிச்சப்புறம் சட்டை சுருங்கிடும். அதனால துணியை விரிச்சுப் போட்டு, ஒரு நாள் 'ரிலாக்ஸ்' ஆக விட்டுட்டுத்தான் வெட்டுவாங்க. குறிப்பா லைக்ரா கலந்த துணியா இருந்தா, அவசரப்படற கட்டிங் மாஸ்டர் மொத்த ஆர்டரையும் கெடுத்துடுவார்.

உயிருள்ள உடம்பும் அப்படித்தான். பயந்தா அட்ரீனலின் நொடிகளில் ஏறும். கார்ட்டிசால் என்கிற ஹார்மோன் சில நிமிடங்களில் ஏற ஆரம்பிக்கும். கூடவே சர்க்கரை, லாக்டிக் அமிலம் எல்லாம் மாறும். சுருக்கு மாட்டின பன்றியில நீங்க அளக்கிறது பாதி பன்றி, பாதி சுருக்கு.

அதுலயும் பன்றி ஒரு கஷ்டமான கேஸ். மாடு, குதிரைக்கெல்லாம் கழுத்தோரத்துல விரல் வெச்சு அழுத்தினா ரத்தக்குழாய் புடைச்சுக்கிட்டு வரும். பன்றிக்குத் தோல் தடிப்பு, கீழ கொழுப்பு, கழுத்துன்னு தனியா ஒண்ணு இருக்கிறதே தெரியாது. வெளியே தெரியறது காது மடல்ல ஓடுற மெல்லிசு குழாய்கள் மட்டும்தான். பெரிய குழாய் எல்லாம் ஆழத்துல. மார்புக்கு மேல இருக்கிற பெரிய சிரையில குருட்டாம்போக்கில் ஊசி இறக்கி ரத்தம் எடுக்கிற முறையை அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் 1942-இல் எழுதி வெச்சாங்க. ஃப்ரெண்ட் பண்ணையில நான் பார்த்ததும் அதே வகைதான்.

ஒரு சின்ன விளக்கம். இதயத்தை நோக்கி ரத்தத்தைக் கொண்டு போற குழாய்க்குப் பாடப்புத்தகத்துல 'சிரை'ன்னு பேர். நம்ம வீட்டுல, ஆஸ்பத்திரியில எல்லாரும் அதை 'நரம்பு'ன்னுதான் சொல்றோம். "நரம்பு கிடைக்கலை"ன்னு நர்ஸ் சொல்றாங்களே, அது இந்தச் சிரையைத்தான். இந்த வார்த்தையை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில திரும்ப வரும்.

இறகு, பித்தளை, கண்ணாடி

ரத்தக்குழாய்க்குள்ள ஒரு குழாயை நுழைக்கலாம்னு செஞ்சு காட்டின ஆரம்பகால ஆட்களில் ஒருத்தர் கிறிஸ்டோஃபர் ரென். ஆமா, பின்னாடி லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டின அதே கட்டடக் கலைஞர். 1656-இல் ஆக்ஸ்போர்டில் ஒரு பறவை இறகின் தண்டைக் குழாயாகவும், ஒரு விலங்கின் சவ்வுப் பையை பம்பாகவும் வைத்து, ஒரு நாயின் சிரைக்குள் மருந்தைச் செலுத்தினார்.

அடுத்தவர் ஸ்டீபன் ஹேல்ஸ். லண்டனுக்குப் பக்கத்தில் டெடிங்டன் என்ற ஊரின் பாதிரியார். ஒரு பெண் குதிரையை மல்லாக்கக் கட்டிப்போட்டு, தொடையில் இருக்கிற தமனிக்குள் பித்தளைக் குழாயைச் சொருகி, அதோடு 9 அடி நீளக் கண்ணாடிக் குழாயை நிமிர்த்தி வைத்தார். ரத்தம் 8 அடி 3 அங்குல உயரத்துக்கு ஏறியது. ரத்த அழுத்தம் என்று நாம் இன்றைக்குச் சொல்வதை முதன்முதலில் நேரடியாக அளந்த சோதனை அது. 1733-இல் புத்தகமாக வெளியிட்டார்.

இப்ப கொஞ்சம் நிறுத்தி யோசிச்சுப் பாருங்க. மயக்க மருந்து பொது அறுவை சிகிச்சைக்கு வந்தது 1846-இல்தான். அந்தக் குதிரை முழு நினைவோட, கட்டுப்பட்டுக் கிடந்துச்சு. அந்த 8 அடி 3 அங்குலம் ஒரு குதிரையோட ரத்த அழுத்தமா, இல்லை உயிர் பயத்துல இருந்த ஒரு குதிரையோட ரத்த அழுத்தமா? பக்கத்து ஊர்ல குடியிருந்த கவிஞர் அலெக்சாண்டர் போப், ஹேல்ஸை நல்ல மனுஷன்னு மதிச்சவர்தான். ஆனா அவர் நாய்களை அறுக்கிறதை மட்டும் அவரால ஏத்துக்க முடியலை.

பிரான்ஸில் கிளாட் பெர்னார், 1844-இல் ஒரு குதிரையின் கழுத்துக் குழாய்கள் வழியாக இதயம் வரைக்கும் போய், ரத்தத்தின் வெப்பநிலையை அளந்தார். நவீன உடலியல் அறிவியலின் தந்தைன்னு அவரைச் சொல்றாங்க. அவரோட மனைவி ஃபேனியும் மகள்களும் உயிரோட விலங்குகளை அறுக்கிறதுக்கு எதிரா நின்னாங்க. அந்தக் கல்யாணம் கடைசியில பிரிவுலதான் முடிஞ்சது. ஒரே வீட்டுக்குள்ள நடந்த சண்டை, கொஞ்ச நாள்ல நாடு முழுக்க நடந்தது. 1876-இல் பிரிட்டன் விலங்குப் பரிசோதனைகளைக் கட்டுப்படுத்த ஒரு சட்டமே கொண்டு வந்தது.

மூணு பூட்டு, மூணு சாவி

இவங்க எல்லாரும் பண்ணது ஒரே ஒரு தடவை அளக்கிற சோதனை. முடிஞ்சதும் பெரும்பாலும் விலங்கும் முடிஞ்சிடும். குழாயை உள்ளயே விட்டுட்டு, நாள் கணக்கா, வாரக் கணக்கா ரத்தம் எடுக்கணும்னா மூணு பூட்டைத் திறக்கணும்.

முதல் பூட்டு, உறைதல். ரத்தம் வெளிப்பொருள் மேல பட்டா உறைய ஆரம்பிச்சிடும். குழாய் அடைச்சுக்கும். இதுக்கான சாவி 1916-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், ஜே மெக்லீன் என்ற மாணவர் நாயின் கல்லீரல் சாற்றை ஆராயும்போது கிடைத்தது. அவரோட பேராசிரியர் ஹவல் அதுக்கு 'ஹெப்பரின்'னு பேர் வெச்சார். 1930-களில் சுத்தமான ஹெப்பரின் தயாரிக்கக் கத்துக்கிட்டாங்க. இன்னைக்கு உலகத்துல பயன்படுற ஹெப்பரின்ல பெரும்பகுதி எதிலிருந்து வருது தெரியுமா? பன்றியோட குடல் சவ்விலிருந்து. பன்றிக்குள்ள வெச்ச குழாய் அடைக்காம இருக்க, இன்னொரு பன்றி தர்ற மருந்து.

ரெண்டாவது பூட்டு, குழாய். பித்தளையும் கண்ணாடியும் உடம்புக்குள்ள தங்காது. வளையற, உடையாத, உடம்பு விரோதியா பார்க்காத பொருள் வேணும். இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் பாலிஎத்திலீன், அதுக்கப்புறம் சிலிக்கோன்னு மெல்லிய குழாய்கள் வந்துச்சு.

இதுக்கு நடுவுல ஒரு ஜெர்மன் டாக்டர், மனுஷ உடம்பு இதைத் தாங்கும்னு நிரூபிச்சுட்டார். பேர் வெர்னர் ஃபோர்ஸ்மன். 1929-இல், எபர்ஸ்வால்டே ஊர் ஆஸ்பத்திரியில், சிறுநீர்ப் பாதைக்குப் பயன்படுத்துற கதீட்டரை எடுத்துத் தன்னோட கையில இருக்கிற சிரை வழியா இதயம் வரைக்கும் தானே நுழைச்சார். அப்படியே நடந்து போய் எக்ஸ்ரேவும் எடுத்துக்கிட்டார். 1956-இல் கூர்னான், ரிச்சர்ட்ஸ் ரெண்டு பேரோட சேர்த்து நோபல் பரிசு கிடைச்சது.

மூணாவது பூட்டைத்தான் நிறைய பேர் மறந்துடறாங்க. அளக்கிற கருவி. ரத்தத்துல ஹார்மோன் இருக்கிறது ரொம்ப ரொம்பக் குறைவான அளவுல. அதை நம்பகமா அளக்கிற வழி இல்லாத வரைக்கும், அடிக்கடி ரத்தம் எடுத்து என்ன பண்றது? நியூயார்க்கில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் 1960 வாக்கில் ரேடியோ இம்யூனோ அஸே என்ற முறையைக் கொண்டு வந்தாங்க. கதிரியக்க அணுவை அடையாளமா ஒட்டி, மில்லிலிட்டர் கணக்கான ரத்தத்துலயே இன்சுலினை அளந்துடலாம். பெர்சன் 1972-இல் இறந்துட்டார். யாலோவுக்கு 1977-இல் நோபல் கிடைச்சது.

அளக்க முடியும்னு ஆனதும் ஒரு புது விஷயம் தெரிஞ்சது. நிறைய ஹார்மோன்கள் சீரா ஓடறதில்லை. அலை அலையா வருது. சில மணி நேரத்துக்குள்ளயே ஏறி இறங்குறதும் உண்டு. கார்ட்டிசாலுக்கு ஒரு நாள் முழுக்க ஒரு தாளம் இருக்கு. அப்ப ஒரே ஒரு சாம்பிள்ங்கிறது ரோட்டுல எடுத்த ஒரு போட்டோ மாதிரி. டிராஃபிக் எப்படின்னு தெரியணும்னா சிசிடிவி வேணும், அதாவது 15 நிமிஷத்துக்கு ஒரு சாம்பிள், நாள் முழுக்க. சுருக்கு மாட்டி ஒரு நாளைக்கு 96 தடவை பன்றியைக் கத்த விட முடியுமா? அங்கதான் கதீட்டர் கட்டாயம் ஆச்சு.

ஆபரேஷன் எப்படி நடக்குது

ஏன் பன்றி? இதயத்தோட அளவு, செரிமானம், தோல், சர்க்கரையைக் கையாளுற விதம் இதுலயெல்லாம் எலியை விடப் பன்றி நமக்கு ரொம்ப நெருக்கம். தீவன ஆராய்ச்சியில இருந்து நீரிழிவு மருந்து வரைக்கும் பன்றி வரக் காரணம் இதுதான்.

பன்றியை முந்தின நாள் ராத்திரி பட்டினி போடுவாங்க. முழு மயக்கம் கொடுத்து, மனுஷ ஆபரேஷன் மாதிரியே கிருமி நீக்கின சூழலில் கழுத்தோரம் ஒரு சின்ன வெட்டு. கொழுப்பையும் தசையையும் விலக்கி, ஜுகுலர் என்கிற கழுத்துச் சிரையைத் தேடி எடுப்பாங்க. அதுல ஒரு சின்னத் துளை போட்டு, சிலிக்கோன் குழாயை இதயப் பக்கமா தள்ளி, நூலால கட்டுவாங்க.

அடுத்த ஸ்டெப்புதான் முக்கியம். குழாயோட மறுமுனையை அதே வெட்டு வழியா வெளியே விட மாட்டாங்க. தோலுக்கு அடியிலயே ஒரு சுரங்கம் மாதிரி போட்டு, கழுத்தைச் சுத்திக் கொண்டு போய், மேல ரெண்டு தோள்பட்டைக்கு நடுவுல வெளியே எடுப்பாங்க. காரணம் ரெண்டு. ஒண்ணு, வெளியிலிருந்து வர்ற கிருமி நேரா சிரைக்குப் போகாம நீளமான வழியைக் கடக்கணும். ரெண்டு, அந்த இடத்துக்குப் பன்றியோட வாயும் எட்டாது, காலும் எட்டாது. உள்ள கொஞ்சம் குழாயைச் சுருட்டி விட்டு வைப்பாங்க, ஏன்னா வளர்ற பன்றி சில வாரத்துலயே பெருசாயிடும். நீளம் பத்தலைன்னா குழாய் உருவிக்கும்.

அப்புறம் வலி மருந்து, சில நாள் ஓய்வு. காயம் ஆறின பிறகுதான் சாம்பிள். குழாய்க்குள்ள தேங்கி நிக்கிற திரவத்தை முதல்ல வெளியே எடுக்கணும், பிறகு தேவையான ரத்தம், பிறகு சலைன், கடைசியில ஹெப்பரின் கலந்த சலைனை நிரப்பி மூடணும். இதுல ஒரு தடவை சோம்பல் பட்டா குழாய் அடைச்சுக்கும், இல்லை சீழ் பிடிச்சுக்கும். அளவுக்கும் கட்டுப்பாடு உண்டு. பன்றிக்கு கிலோவுக்கு ஏறக்குறைய 65 மில்லி ரத்தம். 30 கிலோ பன்றின்னா 2 லிட்டருக்குக் கொஞ்சம் கீழ. ஒரே தடவையில அதுல 10 சதவீதத்துக்கு மேல எடுக்கக் கூடாது, எடுத்தா உடம்பு தேறச் சில வாரம் விடணும்னு பொதுவான வழிகாட்டல்.

ஆபரேஷனுக்கு முன்னாடியே ஒரு வேலை இருக்கு. பன்றியைப் பழக்கணும். தினமும் அதே ஆள் போய் உட்காரணும், முதுகைச் சொறிஞ்சு விடணும், தின்னக் கொடுக்கணும். நல்லாப் பழகின பன்றி தீனி தின்னுக்கிட்டே இருக்கும், தோளுக்கு மேல இருக்கிற குழாயில இருந்து இவங்க ரத்தம் எடுப்பாங்க. அது திரும்பிக்கூடப் பார்க்காது. அந்த ரத்தம்தான் டாக்டர் சொன்ன, நிம்மதியா இருக்கிற பன்றியோட ரத்தம்.

பயத்திலேயே செத்துப்போற பன்றி

பயம் பன்றியில வெறும் எண் பிரச்சினை இல்லை. சில இனப் பன்றிகள், குறிப்பா பெல்ஜியத்தோட பியெட்ரெய்ன், லாரியில ஏத்தும்போது, சண்டை போடும்போது உடம்பு கொதிச்சு, தசை விறைச்சுச் செத்துப் போறதைப் பண்ணைக்காரங்க கவனிச்சிருந்தாங்க. அதே பன்றிகளுக்கு ஹேலோத்தேன் மயக்க வாயு கொடுத்தாலும் அதேதான் நடந்தது. மனுஷங்கள்லயும் சில குடும்பங்கள்ல மயக்க மருந்து கொடுத்ததும் இப்படி ஆகுதுன்னு ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 1960-இல் எழுதியிருந்தாங்க.

ரெண்டும் ஒரே நோய்தான். தென்னாப்பிரிக்காவில் ஹாரிசன் என்ற மருத்துவர், 1975-இல் டான்ட்ரோலின் என்ற மருந்து இந்தப் பன்றிகளைக் காப்பாத்துதுன்னு காட்டினார். மனுஷனுக்கும் அதுவே மருந்தாச்சு. 1991-இல் பன்றியில இதுக்குக் காரணமான மரபணு மாற்றத்தைக் கண்டுபிடிச்சாங்க. இன்னைக்கு ஆபரேஷன் டேபிள்ல இந்தப் பிரச்சினை வந்து பிழைக்கிற ஒரு மனுஷன், லாரியில பயந்து செத்த பன்றிகளுக்குக் கடன்பட்டவன்.

மெட்ராஸிலிருந்து ஒரு மசோதா

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். பரிசோதனைக் கூடத்து விலங்கை எப்படி நடத்தணும்னு இந்தியாவுல சட்டம் வந்ததுக்குக் காரணமானவங்க விஞ்ஞானியோ வக்கீலோ கிடையாது. பரதநாட்டியக் கலைஞர். 1904-இல் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்ராவை 1936-இல் ஆரம்பிச்சவங்கன்னு எல்லாருக்கும் தெரியும். 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டாங்க. 1953-இல் விலங்கு வதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா ஒண்ணைக் கொண்டு வந்தாங்க.

ஏற்கெனவே 1890-இல் ஒரு பிரிட்டிஷ் காலச் சட்டம் இருந்துச்சு. ஆனா அது போதாதுன்னு வாதாடினாங்க. அரசாங்கமே இதைக் கையில எடுக்கும்னு நேரு உறுதி கொடுத்ததும் மசோதாவை வாபஸ் வாங்கினாங்க. குழு போட்டு, ஆராய்ஞ்சு, கடைசியில 1960-இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன்படி 1962-இல் அமைஞ்ச இந்திய விலங்குகள் நல வாரியத்துக்கு முதல் தலைவர் அவங்கதான். வாரியத்தோட தலைமையகமும் ரொம்ப வருஷம் சென்னையிலதான் இருந்துச்சு.

அந்தச் சட்டம் பரிசோதனைகளைத் தடை பண்ணலை. அதோட 17-ஆவது பிரிவை வாசிச்சா, அது கேட்கிற விஷயங்கள் ரொம்பத் தெளிவா இருக்கு. ஆபரேஷன்னா போதுமான மயக்க மருந்து கொடுக்கணும். எழுந்தா கடுமையா வேதனைப்படும்னு தெரிஞ்சா, மயக்கத்துலயே அதோட உயிரை முடிச்சிடணும். சின்ன விலங்குல முடியும்னா பெரிய விலங்கைத் தொடக் கூடாது. மருத்துவக் கல்லூரியில புத்தகம், மாதிரி, படம் போதும்னா விலங்கே வேண்டாம். வெறும் கைப்பழக்கத்துக்காகப் பண்ணக் கூடாது.

கிட்டத்தட்ட அதே நேரத்துல, 1959-இல், இங்கிலாந்துல ரஸ்ஸல், பர்ச் ரெண்டு பேரும் ஒரு புத்தகம் எழுதினாங்க. விலங்குக்கு மாற்று தேடு, எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறை. இந்த மூணும்தான் இன்னைக்கு உலகம் முழுக்க அடிப்படை. கதீட்டர் இதுல ரெண்டைச் செய்யுது. 20 பன்றிகிட்ட ஒவ்வொரு தடவை எடுக்கிறதுக்குப் பதிலா, சில பன்றிகிட்ட 20 தடவை எடுக்கலாம். ஒரு பன்றியை இன்னொரு பன்றியோட ஒப்பிடாம, நேத்து இருந்த அதே பன்றியோட ஒப்பிடலாம்.

இந்தியாவுல இதைக் கண்காணிக்க 1964-இல் ஒரு மத்தியக் குழு அமைஞ்சது. ஆனா பல் முளைச்சது 1998-இல் விதிகள் வந்தப்புறம்தான். ஒவ்வொரு நிறுவனத்துலயும் நெறிமுறைக் குழு கட்டாயம் ஆச்சு. எலிக்கு அந்தக் குழுவோட அனுமதி போதும். பன்றி மாதிரி பெரிய விலங்குன்னா ஃபைல் மத்தியக் குழு வரைக்கும் போகணும்.

அத்தையோட நெஞ்சில

கொஞ்சம் சொந்தக் கதை. ரெண்டு வருஷம் முன்னாடி எங்க அத்தைக்குக் கீமோதெரபி நடந்துச்சு. மூணாவது ரவுண்டுலயே கை முழுக்கக் கறுத்துப் போச்சு. ஒவ்வொரு தடவையும் ரத்தம் எடுக்க, மருந்து ஏத்த, நாலு அஞ்சு குத்து. "நரம்பு கிடைக்க மாட்டேங்குதுங்க"ன்னு நர்ஸ் சொல்லும்போதெல்லாம் அத்தை முகத்தைத் திருப்பிக்குவாங்க. அப்புறம் டாக்டர் நெஞ்சுல, தோலுக்கு அடியில, ஒரு சின்னப் பொத்தான் மாதிரி 'போர்ட்' வெச்சார். அதிலிருந்து ஒரு சிலிக்கோன் குழாய் பெரிய சிரைக்குள்ள போகுது. அடுத்த தடவையில இருந்து ஒரே குத்து. அத்தை சொன்னாங்க, "கண்ணு, இத மொதல்லயே வெச்சிருந்தா என்ன?"

தோலுக்கு அடியில சுரங்கம் போட்டு சிலிக்கோன் குழாயை வெளியே எடுக்கிற முறையை அமெரிக்காவின் சியாட்டிலில் 1973-இல் ப்ரோவியக் என்ற டாக்டரும், 1979-இல் ஹிக்மேன் என்ற டாக்டரும் மனுஷங்களுக்கு வெச்சாங்க. அந்தக் குழாயைச் சுத்தி ஒரு சின்னப் பாலியஸ்டர் பட்டை இருக்கும். தோலுக்கு அடியில இருக்கிற சதை அந்த நார்களுக்குள்ள வளர்ந்து பின்னிக்கும், குழாய் நகராது, கிருமிக்கும் தடை. நம்ம ஊர்ல தினமும் டன் கணக்கா ஓடுற அதே பாலியஸ்டர்தான். 1980-களில் முழுசா தோலுக்குள்ள மறையற போர்ட் வந்தது. அதே போர்ட் பன்றிக்கும் வைக்கிறாங்க.

பன்றியோட தோள்ல இருக்கிறதும் அத்தையோட நெஞ்சுல இருக்கிறதும் ஒரே ஐடியா. ஒரு தடவை ஆழமா காயப்படுத்தி, நூறு தடவை காயப்படுத்தாம விடறது.

ஆனா ஒரு வித்தியாசத்தை மறைச்சுட்டு எபிசோடை முடிச்சா அது நேர்மையா இருக்காது. அத்தை படிச்சுப் பார்த்து, கேள்வி கேட்டு, கையெழுத்துப் போட்டாங்க. சிகிச்சை முடிஞ்சதும் வீட்டுக்கு வந்தாங்க. பன்றிகிட்ட யாரும் கேட்கலை. ஆராய்ச்சி முடிஞ்சதும் பெரும்பாலான பன்றிகளை வலியில்லாம கொன்னுடுவாங்க. குழாயைக் கடிச்சிடும்னு பயந்து தனிக் கூண்டுல வைப்பாங்க. கூட்டமா வாழுற மிருகத்துக்கு அதுவே ஒரு தண்டனை. அதனால பக்கத்துப் பன்றியைப் பார்க்கவும், கம்பி வழியா மூக்கை மூக்கு தொடவும் வழி இருக்கணும்னு நல்ல வழிகாட்டல்கள் சொல்லுது. கதீட்டர் வலியைக் குறைச்சது, ஆனா கணக்கை நேர் பண்ணலை.

அப்படின்னா நிறுத்திடலாமான்னு கேட்டீங்கன்னா, அத்தைக்கு ஏத்தின மருந்தை வேணாம்னு சொல்ற தைரியம் எனக்கு இல்லை. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இந்த வரலாற்றுல ஒரு விஷயம் உறுதியா நிக்குது. ஹேல்ஸ் காலத்துல, விலங்கு மேல இரக்கப்படறது அறிவியலுக்குத் தடைன்னு நினைச்சாங்க. இப்ப முரட்டுத்தனமா எடுத்த ரத்தத்தைக் கொடுத்தா, அந்தத் தரவை வெச்சு கட்டுரையே நிக்காது. போப்பும், ஃபேனியும், ருக்மிணி தேவியும் மனசாட்சியை வெச்சுச் சொன்னதை, கார்ட்டிசால் எண்களும் சொல்லுது.

போன வாரம் ஃப்ரெண்டுக்குப் போன் பண்ணினேன். டாக்டர் மறுபடி வந்துட்டுப் போனாராம். "மாப்ள, சுருக்கக் கையில எடுத்தாலே எல்லாம் மூலைக்குப் போயிடுதுடா. ஞாபகம் வெச்சிருக்குது. அதனால இப்ப தினமும் வெல்லத்தோட உள்ள போயி கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துட்டு வர்றேன்." சரி, இந்தத் தடவை கத்தலையான்னு கேட்டேன். "கத்துச்சு. ஆனா சீக்கிரம் நிறுத்திடுச்சு"ன்னான்.

உங்க வீட்டுல, ஆடு மாடுகிட்டயோ மனுஷங்ககிட்டயோ, ரத்தம் எடுக்கிறதைப் பக்கத்துல நின்னு பார்த்த அனுபவம் இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.